ஞாயிற்றுக்கிழமை யாருடைய ஓய்வுநாள்?

சில வாரங்களுக்கு முன், சிங்கப்பூரில் தமிழ் வழிபாடு நடக்கும் ஆலயம் ஒன்றுக்கு ஞாயிறு காலை சென்றிருந்தேன். அன்றைய அருளுரை ஓய்வுநாளைப் பற்றியது. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொல்லும் கட்டளையைப் போதகர் விளக்கினார். அலுவலக மின்னஞ்சலை இன்று திறக்காதீர்கள், பிள்ளைகளை இன்றாவது துணைப்பாட வகுப்புக்கு அனுப்பாதீர்கள் என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. துணைப்பாடம் என்றாலே நம்மவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை, காலடியில் பால்புட்டியும் மாற்றுடைகளும் அடங்கிய பை. குழந்தை சிணுங்கியபோதெல்லாம் எழுந்து வெளியே போனார். அருளுரையில் பாதியைக்கூட அவர் கேட்டிருக்க முடியாது. குழந்தையின் பெற்றோர் நான்கு வரிசை முன்னால் இருந்தார்கள்.

வழிபாடு முடிந்து கீழே தேநீர் கொடுத்தபோது பேச்சுக் கொடுத்தேன். தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவர், வேலைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. "உங்களுக்கு எப்போது லீவு?" என்று கேட்டேன். "இதுதாங்க்கா லீவு. ஞாயிறு ஞாயிறு மேடம் சர்ச்சுக்குக் கூட்டிட்டு வர்றாங்கல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மேடம் நல்லவர், சாப்பாட்டில் பேதம் பார்ப்பதில்லை, சம்பளத்தை மாதம் தவறாமல் கொடுத்துவிடுகிறார் என்றும் சொன்னார்.

அவர் சொன்னது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஓய்வுநாளைப் பற்றிய அருளுரை நடந்த அதே மண்டபத்தில், ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அது வேலை என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்கூட.

23 வெள்ளி

சிங்கப்பூரில் ஏறத்தாழ 300,000 வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். மற்ற ஊழியர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வை உறுதிசெய்யும் வேலை நியமனச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டு ஊழியர்களுக்கான தனிச் சட்டத்தின்கீழ், வேலை அனுமதி நிபந்தனைகளாகத்தான் இவர்களுக்குரிய பாதுகாப்புகள் வருகின்றன.

அந்த நிபந்தனைகளில் ஓய்வுநாள் இடம்பெறவே நெடுங்காலம் பிடித்தது. பணிப்பெண்களுக்கு ஓய்வுநாள் வேண்டும் என்று அரசு சாரா அமைப்புகள் 2008இல் கூட்டாக இயக்கம் தொடங்கின. 2012இல் அறிவிப்பு வந்தது. 2013 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயமானது.

ஆனால் அதில் ஒரு வழி திறந்தே இருந்தது. பணிப்பெண் சம்மதித்தால் ஓய்வுநாளிலும் வேலை வாங்கலாம். அதற்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தால் போதும், அல்லது அதே மாதத்தில் வேறொரு நாள் விடுப்புத் தரலாம். ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வரும் தொகை. மாதம் 600 வெள்ளி வாங்குபவருக்குக் கணக்குப் போட்டால் 23 வெள்ளிச் சொச்சம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், முகவைக்கான கடன் சம்பளத்தில் பிடிக்கப்படும் மாதங்களில் இருப்பவர், 23 வெள்ளி வேண்டாம் என்று சொல்வாரா? வேண்டாம் என்று சொல்லும் துணிவுதான் வருமா? சம்மதம் என்ற சொல்லுக்கு இங்கே எவ்வளவு பொருள் இருக்கிறது என்று தெரியவில்லை.

2023 ஜனவரி 1 முதல் அந்த வழி ஓரளவு அடைக்கப்பட்டது. மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. பணிப்பெண் அதை எடுத்தே ஆகவேண்டும். மற்ற மூன்று நான்கு ஞாயிறுகளை இன்றும் விலைக்கு வாங்கலாம்.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பது நம் சமூகத்துக்குச் சங்கடமான கதை. பியாங் ஙாய் டோன் என்ற மியன்மார் பணிப்பெண் 2016 ஜூலையில், பீஷானில் தாம் வேலை செய்த வீட்டில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். இறந்தபோது அவரது எடை 24 கிலோ. அவருக்கு ஓய்வுநாளும் இல்லை, கைப்பேசியும் இல்லை. 2021 ஜூனில் அவருடைய முதலாளிக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே கட்டாய ஓய்வுநாள் உள்ளிட்ட புதிய பாதுகாப்புகளை மனிதவள அமைச்சு அறிவித்தது. மாதம் ஒருமுறையாவது அந்தப் பெண் படியிறங்கி வந்திருந்தால், தேக்காவிலோ பெனின்சுலா பிளாசாவிலோ யாராவது ஒருவர் அவர் முகத்தைப் பார்த்திருப்பார். குற்றவாளிகள் நம் பெயர்களைக் கொண்ட குடும்பத்தினர். அன்று சமூக ஊடகத்தில் நாம் கோபப்பட்டோம், வெட்கப்பட்டோம். பிறகு அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

கட்டளை யாருக்குச் சொல்லப்பட்டது?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பணிப்பெண் பிரச்சினை எல்லாச் சமயத்தார் வீட்டிலும் இருக்கிறது. கிறிஸ்தவர் வீட்டில்தான் அதிகம் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் ஞாயிறு ஓய்வு என்பது கிறிஸ்தவர்களுக்கு மனிதவள அமைச்சின் விதி மட்டுமல்ல, அவர்களுடைய வேதமே அதைச் சொல்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கத் தோன்றியது.

ஓய்வுநாள் கட்டளை பைபிளில் இரண்டு இடங்களில் வருகிறது. சீர்திருத்தச் சபையார் யாத்திராகமம், உபாகமம் என்றும் கத்தோலிக்கர் விடுதலைப் பயணம், இணைச்சட்டம் என்றும் அழைக்கும் நூல்களில். தமிழ் படித்தவள் என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு. அந்தக் கட்டளை பொத்தாம்பொதுவாக எல்லாரையும் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. ஒரு வீட்டுத் தலைவனை நேராகப் பார்த்துப் பேசுகிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறது. சிங்கப்பூர்ப் பணிப்பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இரண்டு இடம்: அவர் வேலைக்காரி, அந்நிய நாட்டவரும்கூட.

காரணம் சொல்லும் இடத்தில் இரு நூல்களும் பிரிகின்றன. முதல் நூல், கடவுள் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்கிறது. இரண்டாவது நூல் படைப்பைப் பற்றிப் பேசவில்லை. உன்னைப் போலவே உன் வேலையாளும் இளைப்பாற வேண்டும், நீயே எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்பதை மறக்காதே என்கிறது.

நான் கேட்ட அருளுரைகளில் பெரும்பாலும் முதல் காரணம்தான் வந்திருக்கிறது. இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கங்காணியிடம் வாங்கிய கடனைக் கழிக்க உழைத்தவர்கள், துரை வீட்டுச் சமையலறையில் நின்றவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். கடனோடு தொடங்கும் வேலை, அயல்நாட்டில் தெரிந்தவர் இல்லாத வாழ்க்கை, முதலாளியின் கூரைக்கடியிலேயே தூக்கம் என்ற அந்தக் கதையை நம் எழுத்தாளர்கள் எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள்! பல்கலைக்கழகத்தில் அவற்றைக் கண்கலங்கிப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஒரு பணிப்பெண் கதவைத் திறந்துவிடுவார். என் தோழிகள் வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் பாட்டி படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகள் ஒருவர் இருந்தார். அவர் எந்தக் கிழமை ஓய்வெடுத்தார் என்று எனக்கு இன்று நினைவில்லை. நினைவில்லாததற்கு என்ன காரணம் என்று யோசித்தால் பதில் தெரிந்துவிடுகிறது.

மார்த்தாள், மரியாள் கதையையும் சொல்லவேண்டும். இயேசு வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் அல்லாட, தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கையைத் தேர்ந்தெடுப்பதா அக்காவைத் தேர்ந்தெடுப்பதா என்று பெண்கள் கூட்டங்களில் இதைப் பேசாத ஆண்டில்லை. நம் வீடுகளில் இரு சகோதரிகளும் கூடத்தில் உட்கார்ந்துவிட முடிகிறது. அடுப்படியில் மூன்றாவது ஒருவர் இருக்கிறார்.

முதலாளிகளின் பக்கம்

இதை எழுதும்போது பணிப்பெண் வைத்திருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தினர் சிலரிடமும் பேசினேன். எல்லாருமே பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் களைத்துப்போனவர்கள்.

மறதிநோய் உள்ள தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கேட்டார்: "நான் திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிறேன். ஞாயிறு அவளை அனுப்பிவிட்டால் அம்மாவைக் குளிப்பாட்டுவது யார்? தூக்கி உட்காரவைக்க எனக்கே இடுப்பு ஒத்துழைக்காது." இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. வேலைக்குப் போகும் பிள்ளைகள், முதிர்ந்த பெற்றோர், சிறு குழந்தைகள் என்று மூன்று தலைமுறையின் சுமையும் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்ணின் தோளில் இறங்கியிருக்கிறது. முதியோரும் சிறு பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்குப் பணிப்பெண் தீர்வையை மாதம் 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைத்து அரசாங்கமும் அந்த ஏற்பாட்டுக்குக் கைகொடுக்கிறது.

இன்னொரு காரணம் பயம். வெளியே போனால் கெட்ட சகவாசம், ஆண் நண்பர், கர்ப்பம் என்ற பட்டியலை எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் சொன்னார்கள். அரசாங்கத்திடம் வைக்கும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகை பறிபோய்விடும் என்ற பேச்சும் வந்தது. பணிப்பெண் கர்ப்பமானால் அதற்காக முதலாளியின் பிணைத்தொகையைப் பறிப்பதில்லை என்று விதி மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விதி மாறியது, பயம் மாறவில்லை. முப்பது வயது தாண்டிய, ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணை விடுதி மாணவியைப் போலப் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று நாம் சொல்லப் பழகிவிட்டோம்.

"ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரிதான் வைத்திருக்கிறோம்" என்ற சொற்றொடரும் தவறாமல் வந்தது. அதைச் சொன்னவர்கள் மனதாரவே சொன்னார்கள். ஆனால் குடும்ப உறுப்பினர் என்றால், ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் படுத்துத் தூங்கும் உரிமையும் அதில் அடங்கும்.

ஆலயங்கள் செய்வதும் செய்யாததும்

வெளிநாட்டு ஊழியர் விவகாரத்தில் சிங்கப்பூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் கைகட்டி நின்றன என்று யாரும் சொல்ல முடியாது. கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் புலம்பெயர்ந்தோர் ஆணையமான 'ஆக்மி' 1998 முதல் இயங்குகிறது. பணிப்பெண்களுக்குத் திறன் வகுப்புகளும் நடத்துகிறது. அந்த ஆணையத்தில் முன்பு பணியாற்றிய பிரிஜிட் டான், 2004இல் 'ஹோம்' அமைப்பைத் தொடங்கி, முதலாளி வீட்டிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குத் தங்குமிடம் தந்தார். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டப்பட்ட, ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு ஞாயிறன்று போனால், கட்டுமானத் தளத்திலிருந்து வந்த இளைஞர்களும் இங்கேயே பிறந்த குடும்பங்களும் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

போதனைக்கும் குறைவில்லை. நியாயமான கூலியையும் தொழிலாளியின் ஓய்வையும் வலியுறுத்திப் பதின்மூன்றாம் லியோ சுற்றறிக்கை வெளியிட்டது 1891இல். தம் பெயரைத் தேர்ந்தெடுக்க அந்தச் சுற்றறிக்கை ஒரு காரணம் என்று 2025இல் பொறுப்பேற்ற போப் பதினான்காம் லியோ சொன்னார். அவருக்கு முந்தைய போப் ஃபிரான்சிஸ் 2024 செப்டம்பரில் இங்கு வந்தபோது, தலைவர்கள் கூடியிருந்த அரங்கில், வெளிநாட்டு ஊழியரின் கண்ணியம் காக்கப்படவேண்டும், அவர்களுக்கு நியாயமான சம்பளம் கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு இங்கு பரவலாகப் பகிரப்பட்டது.

என் கணிப்பில் இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊழியருக்கு உதவுவது என்றால் ஆலயங்கள் உடனே கிளம்பிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் அன்பளிப்புப் பை, மருத்துவ முகாம், ஓணத்துக்கோ பொங்கலுக்கோ விருந்து. ஆனால் அந்த ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பவர்களும் அதே ஆலயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பேசுவது அரிது. ஒரு சபையின் மூப்பரிடம் இதைக் கேட்டபோது, "அது அவங்கவங்க குடும்ப விஷயம்மா, நாம எப்படித் தலையிடறது?" என்றார். துணைப்பாட வகுப்பும் குடும்ப விஷயந்தானே ஐயா என்று கேட்க நினைத்தேன். வயதில் பெரியவர், கேட்கவில்லை.

பவுல் கேட்டிருக்கிறார். பிலேமோனுக்கு அவர் எழுதிய கடிதம் பைபிளிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. பிலேமோன் வசதியானவர், அவர் வீட்டில்தான் சபை கூடியது. அந்த வீட்டு அடிமையான ஒநேசிமு எப்படியோ வெளியேறிப் பவுலிடம் வந்து சேர்ந்தான். அவனைத் திருப்பி அனுப்பும்போது, இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார் பவுல். கடிதம் பிலேமோனுக்கு மட்டுமன்று, அந்த வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்து முகவரியிடப்பட்டிருக்கிறது. குடும்ப விஷயம் என்று பவுல் அதை மூடிவைக்கவில்லை. எஜமானர்கள் தங்கள் வேலையாட்களுக்கு நீதியும் சமமானதும் செய்யவேண்டும், அவர்களுக்கும் மேலே ஓர் எஜமானர் உண்டு என்று கொலோசெயருக்கு எழுதியவரும் அவரே. நீதி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அன்பளிப்புப் பையில் இரக்கம் இருக்கலாம். பன்னிரண்டு மாதம் விலைக்கு வாங்கிய ஞாயிறுகளை அது ஈடுகட்டாது.

சனிக்கிழமை மாலை

இதைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கத்தோலிக்கர், படுக்கையில் கிடக்கும் தம் மாமியாருடன் வீவக வீட்டில் வசிக்கிறார். அவர் வீட்டுப் பணிப்பெண் இந்தோனீசியாவைச் சேர்ந்த முஸ்லிம். நான்கு ஞாயிறும் முழுநாள் விடுப்பு. காலை எட்டு மணிக்குக் கிளம்பி சிட்டி பிளாசாவுக்குப் போய் மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறார்.

எப்படி முடிகிறது என்று கேட்டேன். முதல் சில மாதம் முடியவே இல்லை என்றார். கணவரின் தம்பியும் தங்கையும் முறைவைத்து ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னார்கள்; தம்பி இரண்டு முறை வந்தார், பிறகு கோல்ஃப். குடும்பத்தில் பேச்சு வார்த்தை தடித்தது. மாதம் ஒரு ஞாயிறு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தை நாடினார்கள், அதற்குச் செலவாகிறது. கடைசியில் ஆசிரியை ஒன்றை விட்டுக்கொடுத்தார். இருபது ஆண்டுகளாக ஞாயிறு காலைத் தமிழ்த் திருப்பலியில் பாடகர் குழுவில் இருந்தவர், அதிலிருந்து விலகினார். இப்போது பணிப்பெண் வீட்டில் இருக்கும் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போகிறார். கத்தோலிக்கருக்கு அது ஞாயிறு கடமையாகவே கணக்கு. தமிழில் இருக்காது, ஆங்கிலத்தில்தான்.

"பாட்டுதான் போச்சு. அதைச் சொல்லி யாரிடமும் புலம்ப முடியாது, கேலி பண்ணுவாங்க" என்று சிரித்தார். பணிப்பெண்ணிடம் நீங்கள் எங்கள் கோவிலுக்கு வாருங்கள் என்று ஒருமுறைகூட அழைத்ததில்லையாம். ஓய்வுநாள் அவருடையது, அதை எப்படிக் கழிக்கவேண்டும் என்று நான் சொன்னால் அது அவருடையதாக இருக்குமா என்றார். ரமலான் மாதத்தில் அதிகாலைச் சாப்பாட்டுக்கு அவர் எழும்போது சத்தம் வருமே என்று கேட்டேன். "மாமியார் எப்படியும் தூங்குறதில்ல. துணைக்கு ஆள் கிடைச்ச மாதிரிதான்."

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தனியாளாகத் தாயைப் பார்த்துக்கொள்ளும் அந்த மகனுக்கு விட்டுக்கொடுக்கப் பாடகர் குழு எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது ஞாயிறு மூன்று மணிநேரம் வந்து உட்கார ஒருவர். நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழு ஏறக்குறைய எல்லாச் சபையிலும் இருக்கிறது. அந்தக் குழு ஜெபித்துவிட்டுத் திரும்பாமல் மதியம் வரை இருந்தால், அந்த வீட்டுப் பணிப்பெண் மாதம் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் வெளியே போகலாம். இந்த யோசனையை அவரிடம் சொன்னேன். சபையில் யாரும் இதுவரை கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை என்றார்.

கடைசி வரிசைப் பெண்ணிடம் அன்று இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தேன். முழுதாக ஒரு நாள் உங்களுக்கே கிடைத்தால் என்ன செய்வீர்கள்? கொஞ்ச நேரம் யோசித்தார். தேக்காவுக்குப் போய் மகளுக்கு ஒரு கவுன் வாங்கவேண்டும், ஊருக்கு வீடியோ கால் போட்டு அவசரமில்லாமல் பேசவேண்டும் என்றார். பிறகு, "சர்ச்சுக்கும் வரணும்க்கா. முன்னாடி உக்காந்து முழுசாக் கேக்கணும்" என்றார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. குழந்தையை ஒரு தோளிலும் பையை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியை மடக்க ஓடினார்.